ஏரியில் அகப்பட்ட மஞ்சள் விளைமீன்

பியோர்ண்டால், ஒஸ்லோ
12.02.2006

மதிப்புக்குரிய ஆனந்தராஜா அத்தானுக்கு,

சச்சிதானந்தன் பணிவுடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் யோகாம்பாள் அக்காவின் பிறஷரும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் மானத்தைத் தவிர எல்லோரும் நலம். ரெலிபோனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

மகள் துஷ்யா விரும்புகிற பின்லாந்துப் பொடியன் மிக்கோவைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். உங்கள் சம்மதம் வந்தால் சித்திரையில் கலியாண எழுத்து வைக்கலாம் என்றிருந்தோம். அவனுடைய தகப்பன் எர்க்கிக்குக் குளிர்காலத் தொழில் ஒன்று உண்டு. வெளியூர்க்காரரை உறைந்த ஏரிக்குக் கூட்டிப்போய், பனிக்கட்டியில் துளை போட்டு, முழ நீளத் தூண்டிலால் தங்கள் ஊர் முறையில் மீன் பிடிக்கப் பழக்குவார். முதல் சந்திப்பிலேயே அந்த மனிதரிடம், நாங்கள் யாழ்ப்பாணத்தில் நடக்கமுன்பே மீன் பிடித்தவர்கள் என்று அளந்துவிட்டேன். நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கராக இருந்தவன், கடலில் கால் நனைத்ததே கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் நம்பிவிட்டார். சனிக்கிழமை ஏரிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டும் விட்டார்.

வெறுங்கையோடு திரும்பினால் என் புளுகு வெளிப்பட்டு, புளுகன் வீட்டுப் பிள்ளை என்று துஷ்யாவுக்குப் பெயர் வந்துவிடும் என்று பயந்து, வெள்ளிக்கிழமை குறொன்லாண்டில் செபஸ்ரியனின் கடையில் ஒரு விளைமீன் வாங்கினேன். வெட்டாமல் முழுசாகத் தா என்றதும் அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடாமல் பிறிட்ஜில் பாலுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, காலையில் பையோடு எடுத்து ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு போனேன்.

ஏரியில் எர்க்கி எனக்கொரு துளை போட்டுத் தந்துவிட்டு, தன் துளைக்கு முன்னால் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் முறையில் கதைக்கக் கூடாதாம். கதைக்காமல் இருப்பது என்னால் ஆகிற காரியமா, கால் மரத்துப்போய், மூக்கு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, மவ்ளரால் வாயை மூடியதில் மூச்சுப் பட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாய் உறைந்து, ஒன்றும் தெரியாத அந்த நிலையிலேயே அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தடவித் தடவி மீனை முள்ளில் மாட்டித் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்சம் பொறுத்து, மீன் மீன் என்று கத்திக்கொண்டு இழுத்தேன். துஷ்யாவும் மிக்கோவும் ஓடி வந்து, அப்படியே நின்றுவிட்டார்கள்.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். துளையைச் சுற்றிப் பனி மஞ்சளாக இருந்தது. மீனும் மஞ்சள். செதிள் இல்லை, குடல் இல்லை, பொரிப்பதற்கு இரண்டு பக்கமும் அழகாகக் கீறியும் இருந்தது.

"அப்பா, இது அம்மா பிரட்டி வைச்ச மீன்," என்றாள் துஷ்யா, என் முகத்தைப் பாராமல்.

கிருஷ்ணகுமாரி அதைப் பிறிட்ஜில் கண்டு, மனுசன் வாங்கிவைத்துவிட்டு மறந்துபோனார், பழுதாகிவிடுமே என்று கழுவி, மஞ்சளும் உப்பும் பிரட்டி, அதே பையில் திரும்ப வைத்திருக்கிறாள். எர்க்கி மீனைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். மணந்து பார்த்தார். "உப்பும் போட்டாயிற்று," என்றார். அவ்வளவுதான். மீனைத் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு காரை எடுத்தார். பின் சீற்றில் துஷ்யா அழுதுகொண்டு வந்தாள்.

அத்தான், அந்த மனிதரின் முகத்தில் இனி என்னால் முழிக்க முடியாது. ஆகவே, சாதகம் சரியில்லை என்றோ வேறு எதையோ சொல்லி, இந்தக் கலியாணத்தை நீங்கள்தான் மறுத்ததாக ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், பழி அங்கேயே கிடக்கட்டும். என் வெட்கத்துக்காகப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறேன் என்று தெரிகிறது. தெரிந்தும் எழுதுகிறேன், அது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் அன்பு. சந்நிதி முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும். நேரம் கிடைத்தால் இந்தப் பக்கமும் ஒருக்கால் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தலைகுனிந்தபடி,
சச்சிதானந்தன்

பி.கு.: முத்திரை ஒட்டமுன் எர்க்கி வந்து மணி அடித்தார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். அந்த மீனை நேற்றிரவு வெண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டார்களாம், கிருஷ்ணகுமாரியிடம் அந்த மஞ்சள் தூள் வேண்டி வந்திருக்கிறார். கலியாணம் குழம்பிவிடும் என்ற பயத்தில்தான் நான் இப்படிச் செய்தேன் என்று துஷ்யா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். பிறகு அவர் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "என்னிடம் வருகிற எல்லோரும் மீனுக்காகப் பொய் சொல்வார்கள். என் மகனுக்காக ஒருவரும் சொன்னதில்லை." கதவைத் திறந்தேன். மேலே எழுதியதை விட்டுவிட்டு, சம்மதம் என்று மட்டும் உடனே எழுதுங்கள் அத்தான். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் ஏரிக்குப் போகிறோம். மீனை அவரே வாங்கி வருகிறாராம், பிரட்டி மட்டும் நாங்கள் கொடுத்தால் போதுமாம்.