என் மௌத்துக்குச் சிலாபம் மட்டும் வந்த மகனுக்கு

மண்ணெண்ணெய்க்குக் கேனைத் தூக்கிக்கொண்டு நாட்கணக்கில் வரிசையில் காய்ந்தோமே, அதற்கு அடுத்த வருஷம். கரண்ட் பில் இரண்டாம் தரமும் கூடின மாசம். தலவிலையில் அன்னம்மா கோயிலுக்குக் கொடி ஏறியாச்சு, நமக்கு நோன்பு பிடிக்க இன்னும் மூன்று கிழமை கிடக்கிறது. வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

கொழும்பு தெஹிவளையில் நாலாம் மாடியில் குடியிருக்கும் கண்ணான மகன் ஃபாஹிமுக்கு, எத்தாளையிலிருந்து உன் வாப்பா அசனார் வாயால் சொல்லி, அடுத்த வளவுப் பளீலா கையால் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும், உன் தங்கச்சி றிஸ்னாவும், மூன்று ஆடுகளும் சுகம். அங்கே நீயும், மருமகளும், பிள்ளைகளும், அடிக்கடி பழுதாகிப் போகிற உங்கள் லிஃப்டும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்ல முந்தி நீ "சரி வாப்பா, சரி வாப்பா" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட ஏலாது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்பதற்காக, காரமான இடங்களில் பளீலா கொஞ்சம் சீனி போடலாம் என்று பார்க்கிறாள். முடிந்ததும் திருப்பி வாசிக்கச் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். எண்பத்து நாலு வயசு வரை எதையும் எழுதி வைக்காமல் ஞாபகத்திலேயே வைத்திருக்கிறவன் நான். ஒரு சொல் குறைந்தாலும் பிடிபடும்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி மழையில் நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். ஓம், விழுந்தேன். அந்தக் கிழமை பள்ளிவாசல் படிக்கட்டில் பாங்கு சொல்லுகிற ஹாசிம் மோதினாரும் விழுந்தார், அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு, அவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. என்னைத்தான் நீ கொழும்பிலிருந்தே பூட்டினாய். கேற்றுக்குப் பித்தளைப் பூட்டு, திறப்பு றிஸ்னாவின் இடுப்பில். கழுத்தில் மாட்ட ஒரு போன். பிடித்துக்கொண்டு நடக்க நாலு கால் இரும்பு ஒன்று, அதில் இப்போது றிஸ்னா துவாய் காயப்போடுகிறாள். இரண்டு மாசம் நான் ஒன்றும் கதைக்கவில்லை. மழை தானே, எங்கே போகப்போகிறோம் என்று இருந்துவிட்டேன். அந்த இரண்டு மாச மௌனத்தைத்தான் நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்புகிறேன், வாப்பா இனி எங்களோடுதான் என்று றிஸ்னாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. ஆட்டை விற்கிறவனும் ஆட்டிடம் கேட்கிறதில்லை, அது எனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை சுபஹு தொழுதுவிட்டு வெளியே பார்த்தால் வானம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரிக் கிடந்தது. மார்கழிக்குப் பிறகு முதல் தரம் வெயில் முற்றத்துக்கு வந்து, போகாமல் நின்றது. சுடாத வெயில். மாசியில் ஒரு பத்து நாள் மட்டும் வரும், பிறகு பங்குனி வந்து மண்டையைப் பிளக்கும், நீயும் சின்னனில் பார்த்திருக்கிறாய். அந்த வெயிலில் நம் மூன்று ஆடும் வேலியில் தாங்களே போட்டுக்கொண்ட ஓட்டையால் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கு இல்லாத பூட்டு எனக்கு என்னத்துக்கு என்று ஒரு கேள்வி வந்தது. போனைக் கழற்றிக் கதிரையில் வைத்தேன், அது உன்னுடைய சாமான், தொலைந்தால் கதை வரும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் அந்த ஓட்டையால் போனேன். முள் ஒன்று முதுகில் கீறினது. அதைத் தவிர எனக்கு அன்றைக்கு ஒரு காயமும் இல்லை, எழுதம்மா பளீலா, ஒரு காயமும் இல்லை.

கிழக்கே களப்பு, மேற்கே கடல், நான் மேற்கே நடந்தேன். முதுகுக்கு வெயில், முகத்துக்குக் காத்து. வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பொம்பிளை, "எங்க போறீங்க மூத்தாப்பா?" என்று கேட்டாள். நடக்கிறேன் என்றேன். எங்கே நடக்கிறீர்கள் என்றாள். இந்தக் காலத்தில் நடக்கிறதற்குக்கூட ஒரு இடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கால் கடல் பக்கம் வெள்ளைக்காரர் துணியைப் பட்டம் மாதிரிக் கட்டி ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவருக்கு என் தலையைவிட நரை. அவருடைய மகன் எந்த மாடியில் இருக்கிறான், ஏன் பூட்டவில்லை என்று கேட்க எனக்கு இங்கிலீசு தெரியாது.

கரைக்குப் போனால் கரைவலை இழுக்கிறார்கள். இப்போது கயிறு இழுப்பது டிரக்டர்தான், ஆனால் அன்றைக்கு டீசல் கோட்டா முடிந்து டிரக்டர் சும்மா நின்றது. இழுக்க ஆள் காணாமல், வலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டிப் பெடியன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். டிரக்டர் நிழலில் ஒருத்தன் வெள்ளை வேட்டியோடு காலை நீட்டிக்கொண்டு இருந்தான். நான் கிட்டப் போக முந்தியே குரல் வந்தது.

"என்னடாப்பா, நீ இன்னும் போகேல்லையோ?"

யோகராசா. மன்னாரில் என்னோடு ஒரே வலையில் நின்றவன், பிறகு சண்டைக்குள் அகப்பட்டுப் பாலாவிப் பக்கம் வந்து குடியேறினவன், உனக்கு நீந்தப் பழக்கினவன். கொரோனா வந்த பிறகு நாங்கள் காணவில்லை. மகள் நிசாந்தி ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கற்பிட்டி வரை போயிருக்கிறாளாம்.

"எங்க போறது?" என்றேன்.

"எல்லாரும் போற இடத்துக்குத்தான்."

"நீ முன்னுக்குப் போய் இடம் பிடி. நான் ஆறுதலா வாறன்."

அதற்கு மேல் கட்டிப்பிடிக்கிறது, அழுகிறது ஒன்றும் நடக்கவில்லை. அவன் என் முழங்காலைக் கேட்டான், நான் அவன் கண்ணைக் கேட்டேன், இரண்டும் சரியில்லை என்று முடிவாகியது. பிறகு அவன் கயிற்றுப் பெடியன்களைக் காட்டி, இவர்கள் இழுக்கிற மாதிரி எங்கள் காலத்தில் கொடியில் உடுப்புத்தான் போட்டோம் என்று சத்தமாகச் சொன்னான். அதில் ஒருவன், அப்படியென்றால் வந்து பிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்றான். அவன் பகிடிக்குத்தான் சொன்னான். நாங்கள் பகிடிக்குப் பிடிக்கவில்லை.

இங்கேதான் நீ கவனமாக வாசிக்க வேண்டும். கரைவலைக் கயிற்றில் கை வைத்தவன் மீன் சேர்கிற வலை மடி கரைக்கு ஏறும் மட்டும் விடக்கூடாது. இடையில் விட்டால் வலைக்கு ராசி போய்விடும், விட்டவன் கறிக்கு ஒரு மீன்கூடக் கேட்க ஏலாது. இது நான் உண்டாக்கின சட்டமில்லை. நான் பிடிக்கிற நேரம் வலை நல்ல தூரத்தில் கிடந்தது. ஆகையால் நான் காணாமல் போகவில்லை. நான் வேலையில் நின்றேன்.

இனி வீட்டில் நடந்ததை எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். றிஸ்னா தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். கதிரையில் போன் கிடக்கிறது, ஆள் இல்லை. கேற்றில் பூட்டு போட்டபடி கிடக்கிறது. பூட்டுப் போடாமல் இருந்திருந்தால் எங்கேயோ நடக்கப் போயிட்டார் என்று நினைத்திருப்பாள். பூட்டினபடியால், பூட்டின வளவுக்குள் ஒரு மனிசன் போகக்கூடிய இடம் கிணறு ஒன்றுதான் என்று முடிவெடுத்தார்கள். பம்ப் வைத்து இறைத்தார்கள். ஆறு வருஷத்துக்கு முந்தி விழுந்த வாளி அகப்பட்டது. நான் அகப்படவில்லை. பிறகு பள்ளிவாசலுக்கு ஓடி, வாப்பாவைக் காணவில்லை, ஸ்பீக்கரில் சொல்லுங்கள் என்றார்கள். ஹாசிம் மோதினார் இருபது வருஷமாக அந்த நேரத்தில் மைக்கைத் திறப்பது மௌத்துச் செய்திக்கு மட்டும்தான். மைக்கைத் தட்டினார், வாய் தன் பாட்டுக்கு "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று தொடங்கிவிட்டது. பிறகு என் பெயர். அதற்குப் பிறகு அவர் "காணவில்லை, கண்டவர்கள் அறியத் தரவும்" என்று தெளிவாகத்தான் சொன்னாராம். முதல் வசனத்துக்குப் பிறகு யார் நின்று கேட்கிறார்கள்?

கரையிலும் கேட்டது. கயிற்றில் நின்ற நம் பெடியன்கள் எல்லாரும் இன்னாலில்லாஹி சொன்னார்கள். நானும் சொன்னேன், எந்த மௌத்துக்கும் சொல்லத்தானே வேணும். யோகராசா திரும்பிப் பார்த்தான்.

"டேய், அது உன்ர பேரல்லோ."

"ஓம்."

"போய்ச் சொல்லடாப்பா, இருக்கிறன் எண்டு."

"கயிறு கையில கிடக்கு. மௌத்தானவனுக்கு என்ன அவசரம்?"

மடி ஏற பத்தரையாகியது. நல்ல கீரிமீன், கொஞ்சம் பாரை. சம்மாட்டிப் பெடியன் தன் கையாலேயே எனக்கு ஒரு சொப்பிங் பேக் நிறைய அள்ளிப் போட்டான். வீட்டுக்கு வந்தால் கேற் விரியத் திறந்து கிடக்கிறது. இரண்டு மாசமாக எனக்குத் திறக்காத கேற். முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரை, கூடாரத்துக்குக் கம்பு நட்டாச்சு. மையவாடியில் முழங்கால் ஆழம் குழி வெட்டிவிட்டு மண்வெட்டியோடு வந்தவர் என்னைக் கண்டு, வெயிலில் வெட்டினது வீண் என்ற மாதிரிப் பார்த்தார். மேற்கு வளவுக்காரர் றிஸ்னாவிடம், வேலியை இரண்டு முழம் உள்ளே தள்ளிப் போட்டது உண்மைதான், வாப்பாவுக்காக மாப்புச் செய்யுங்கள் என்று அழுதுகொண்டிருந்தார். நான் பின்னால் நின்று முழுதும் கேட்டேன். இப்போது அவர், பொதுவாகச் சொன்னேன் என்கிறார். றிஸ்னா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு திரும்பவும் அழுதாள். அவளில் எனக்குக் கோபமில்லை, ஸ்பீக்கரில் கேட்டதும், எங்கேயோ கரையில் என் உடம்பை எடுத்துவிட்டார்கள் என்றே அவளும் நம்பியிருக்கிறாள்.

மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று நெருப்பை அணைத்து வைத்திருந்தார்கள். ஆளே மீனோடு வந்திருக்க அடுப்பை மூட்டலாமா, கூடாதா என்று பொம்பிளைகள் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். அதற்குள் அயலில் இருந்து சோறு வந்தது. கனமூலையிலிருந்து உன் மாமி சட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், அவளைத் திருப்பி அனுப்பவும் ஏலாது. நான் என் மௌத்துச் சோத்தை முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். கத்தரிக்காய்க்கு உப்புக் கொஞ்சம் கூட.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பு. சிரிப்பு இல்லாதது ஒன்றுதான். யாரோ உனக்குப் போன் எடுத்துச் சொல்ல, நீ அழுதுகொண்டு காரை எடுத்துச் சிலாபம் மட்டும் வந்திருக்கிறாய். சிலாபத்தில் றிஸ்னா போனில், வாப்பா இருக்கிறார், சாப்பிடுகிறார் என்று சொல்லியிருக்கிறாள். நீ கோபத்தில் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். மௌத்து என்றதும் வேலையை விட்டுவிட்டு வந்த நீ, உயிரோடு இருக்கிறேன் என்றதும் திரும்பிப் போய்விட்டாய். இன்னும் இரண்டு மணித்தியாலம் ஓடியிருந்தால் மீன் பொரியல் கிடைத்திருக்கும், என்னையும் கண்டிருக்கலாம்.

ஆகையால் தெளிவாகச் சொல்கிறேன். இன்னும் பத்து நாளில், நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தால் வெறும் வேன்தான் திரும்பும். நீ ஒன்பது வயசுப் பிள்ளையாக இருந்தபோது மன்னாரில் இயக்கக்காரர் முஸ்லிம் சனம் எல்லாருக்கும் ஒரு நாள் குறித்து, அதற்குள் வெளியே போ என்றார்கள். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, கட்டின சாரத்தோடு படகில் வந்து கற்பிட்டியில் இறங்கினேன். அவர்கள் கையில் துவக்கு இருந்தது. நீ துவக்கில்லாமலே நாள் குறிக்கிறாய். வேற்றாள் சொல்லி ஒருதரம் எழும்பினேன், பெற்ற பிள்ளை சொல்லி இரண்டாம் தரம் எழும்ப மாட்டேன். பூட்டைக் கழற்றி றிஸ்னாவிடம் கொடுத்துவிட்டேன், அலுமாரிக்குப் போடட்டும். வெயில் உள்ள மட்டும் நான் நடப்பேன். கொழும்பில் நாலாம் மாடியில் நடந்தால் நாலு சுவர்தான் வரும்.

மற்றப்படி என் கோபத்தை மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு வைக்காதே, அது உனக்கு மட்டும் உள்ளது. அல்லாஹ் உன் தொழிலில் பறக்கத்துத் தரட்டும், உன் கையும் வயிறும் நிறையட்டும், வயசு போன காலத்தில் உன் பிள்ளைகள் உன்னைப் பூட்டாமல் வைத்துப் பார்க்கட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்த
உன் வாப்பா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. பளீலா ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறாள், வேறு உறைக்குக் கடைக்குப் போக வேணும் என்று புறுபுறுக்கிறாள். நேற்று மஹ்ரிபுக்குப் பிறகு நிசாந்தி றிஸ்னாவின் போனுக்கு எடுத்தாள். அவளுடைய புருஷனுக்கு வேலை மாறியிருக்கிறதாம், இந்தக் கிழமையோடு தகப்பனையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போகிறார்களாம். அன்றைக்கு யோகராசா கரைக்கு வந்தது கடலிடம் பயணம் சொல்ல. என்னைக் கண்டதும் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் கதைத்திருக்கிறான், கள்ளன். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு நூறாம் நம்பர் பஸ்ஸில் பத்து நிமிஷம் என்று நிசாந்தி சொல்கிறாள். அங்கேயும் ரயில் ரோட்டுக்கு அப்பால் கடல் இருக்கிறதாம், நடக்க இடமும் இருக்கிறதாம். வேன் வரட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ குறித்த நாள், நான் குறிக்கிற நாள் சனி. உனக்காக வருகிறேன் என்று நினைத்துவிடாதே. மன்னாரில் அந்தக் கயிற்றில் நாங்கள் பதினொரு பேர் நின்றோம். சூசைப்பிள்ளையைக் கடல் கொண்டுபோனது, முபாறக் கற்பிட்டியில் இறங்கின மூன்றாம் மாசம் காய்ச்சலில் போனான், மர்ஸூக் போன நோன்புக்கு முந்திப் போனான், மற்ற ஆறு பேர் எங்கே எப்படிப் போனார்கள் என்றும் எனக்குத் தெரியும். என்னை விட்டால், இருக்கிறவன் யோகராசா.