சாமியார் படித்த ஒயில் ஃபில்டர்

அந்த மாதம் பதுளையில் ஆஸ்பத்திரியைவிட அதிகக் கூட்டம் கூடிய இடம் ஃபில்டர் சாமியாரின் கராஜ். பழைய ஒயில் ஃபில்டரை இரும்பு அறுக்கும் வாளால் அறுப்பார். உள்ளே மடிந்திருக்கும் காகிதத்தை விரிப்பார். அதில் படிந்த கறுப்பைப் பார்த்து வண்டியின் தலைவிதியைச் சொல்லிவிடுவார். லொறிக்காரர், பஸ்காரர், த்ரீவீல்காரர் எல்லோரும் பிள்ளைக்கு ஜாதகம் பார்க்க வந்த தகப்பன் மாதிரி ஆளுக்கொரு ஃபில்டரோடு வரிசையில் நின்றார்கள்.

"இத்தன கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்துன்னு ஜப்பான் கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். அவனுக்கு நமுனுகுல மலைரோட்டு வளைவு தெரியுமா?" என்று சாமியார் கேட்பார். தெரியாது என்று கூட்டம் தலையாட்டும். உடனே மந்திரித்த ஃபில்டர் ஒன்றை நீட்டுவார். கடையில் விற்கும் அதே ஃபில்டர்தான். பெட்டியில் மட்டும் வேல் படம் ஒட்டியிருக்கும்.

வரிசையில் முருகையாவும் நின்றார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேன்காரர். பேய்க்குப் பயப்படாதவர், கோடங்கியைக் கண்டால் கேலி செய்பவர். ஆனால் இது பேய் இல்லையே, மெஷின் சமாச்சாரம் அல்லவா! சாமியார் கையில் பூதக்கண்ணாடி வேறு இருந்தது. இவ்வளவு விஞ்ஞானத்துக்கு முன்னால் முருகையாவின் அறிவு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது.

போன வாரம் அவருடைய ஃபில்டரைப் பார்த்துச் சாமியார் முகம் சுளித்திருந்தார். "சாவு தெரியுது. இந்த வேன் வளைவுல உருளும். வந்த வெலைக்கு என் மச்சான்கிட்ட தள்ளிவிட்டுரு. அவன் தோசம் கழிச்சுக்குவான்."

முருகையாவுக்கு வேனை விட்டால் வேறு பிழைப்பில்லை. ஓட்டினாலோ உள்ளே பதினாலு பிள்ளைகள். ஒரு வாரம் சோறு இறங்காமல் தவித்துவிட்டு, இன்று சாவியைக் கொடுக்க வந்திருந்தார். மனைவி சிவசக்தியும் ஒரு பையோடு கூடவே வந்திருந்தாள்.

"சாவியக் குடுக்கிறதுக்கு முன்ன இதையும் பாத்துருங்க சாமி," என்று ஒரு பழைய ஃபில்டரை எடுத்து நீட்டினாள்.

சாமியார் அறுத்தார். விரித்தார். கண்ணாடியை வைத்தார். "ஐயையோ! வேனவிட மோசம். ரெண்டு மாசத்துல பள்ளத்துல கெடக்கும். யாரு வண்டிம்மா இது?"

"வண்டி இல்லீங்க. நான் வேல செய்யிற தேயில ஃபெக்டரி ஜெனரேட்டர். சிமெந்துல போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கு. பத்து வருசமா எடத்தவிட்டு அசையல. அது எந்த வளைவுலங்க உருளும்?"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"ஜெனரேட்டருக்கும்... தோசம் உண்டு," என்றார் சாமியார்.

"அப்ப அதையும் மச்சானுக்கே வித்துருவோமா சாமி?" என்றார் ஒரு லொறிக்காரர். கராஜே அதிரும்படி சிரிப்பு எழுந்தது.

"அழுக்கப் புடிக்கத்தானே கம்பெனிக்காரன் இதச் செய்யிறான்?" என்றாள் சிவசக்தி. "கறுப்பு இருந்தா ஃபில்டர் வேல செஞ்சிருக்குன்னு அர்த்தம். வேற ஒரு மண்ணும் இல்ல."

சிரிப்பு அடங்குவதற்குள் சாமியார் பின்கதவு வழியாக மச்சானின் வண்டியில் ஏறிவிட்டார்.

முருகையா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

"என் மண்டைக்குள்ளயும் ஒரு ஃபில்டர் இருக்குங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "நாப்பத்தாறு வருசமாச்சு. இன்னும் புத்தம் புதுசாவே இருக்கு. ஒரு அழுக்கக்கூடத் தடுத்ததில்ல. சிரிக்காதீங்க, ஒங்களோடதயும் ஒருக்கா கழட்டிப் பாருங்க."