எக்ஸ்ரே அக்காவின் மெத்தை வைத்த ஷார்ட்ஸ்

உட்காருவதைப் பற்றி எக்ஸ்ரே அக்கா அளவுக்கு யோசித்த ஆள் இந்த உலகத்தில் இன்னொருவர் இருக்க முடியாது. நாமெல்லாம் நாற்காலியைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிறோம். அவர் முதலில் அதைச் சுற்றிவந்து பார்ப்பார். உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். பிறகு, குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கிறவர் மாதிரி மெதுவாக இறங்குவார்.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊரில் பாதிப் பேரின் எலும்பை அவர் பார்த்திருந்தார். ஆட்களை முகத்தை வைத்து அல்ல, முறிந்த இடத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார். "அங்கன போறாவள்லா, இடது மணிக்கட்டு. மழையில வழுக்கி விழுந்தாவ," என்பார். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த அண்ணாச்சி கொஞ்சம் கனத்த சரீரம். "அவ்வோளுக்கு நெஞ்சு எடுக்கணும்னா பெரிய ஃபிலிமே பத்தாது. ரெண்டு தடவையா எடுத்து ஒட்டணும்," என்று ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்.

நான் கோயம்புத்தூர்க்காரி. வங்கி வேலையில் மாற்றலாகித் தென்காசிக்கு வந்தவள். கணவரும் மகளும் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். கீழ்வீட்டில் எக்ஸ்ரே அக்கா, மாடியில் நான், எதிரே வீட்டுக்காரர்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடி எங்கள் இருவருக்கும் பொது. ஆனாலும் வந்த புதிதில் எங்கள் பேச்சு "கரண்ட் போயிட்டா?" "ஆமாங்க்கா" என்பதைத் தாண்டியதில்லை.

நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அக்காவின் அம்மா இறந்திருந்தார். பல வருஷம் படுக்கையில் கிடந்தவர். அக்கா விடியுமுன் எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி புகட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அம்மா போன பிறகும் உடம்பு அதே நேரத்துக்கு விழித்துக்கொண்டது. செய்வதற்குத்தான் எதுவும் இல்லை.

"கொஞ்ச நாளு வாசல் தெளிச்சேன். பெறகு எதிர்வீட்டு வாசலயும் சேத்துத் தெளிச்சேன். அவ்வோ வேண்டாம்னுட்டாவ," என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

அதனால் ஒரு கியர் சைக்கிள் வாங்கினார். விடியற்காலையில் குற்றாலம் போய்த் திரும்புவது என்று திட்டம். ஆஸ்பத்திரிக்குப் போக அவரிடம் ஏற்கெனவே ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் இருந்தது. அதில் அகலமான ஸ்பிரிங் சீட்டு. புதிய சைக்கிளின் சீட்டோ தோசைக்கரண்டி அகலம்தான். முதல் நாள் போகும்போது ஏறிப் போனார். திரும்பும்போது பாதி வழியில் மேலகரத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர், "உட்காருங்க சிஸ்டர்," என்றாராம். "இருக்கட்டும் சார்," என்று சாயங்காலம் வரை நின்றே வேலை பார்த்திருக்கிறார்.

அடுத்து ஒரு சின்னத் தலையணையைத் துண்டால் சீட்டோடு கட்டினார். அது வழியில் எங்கோ அவிழ்ந்து விழுந்தது. ஓர் ஆட்டோக்காரர் பின்னாலேயே துரத்தி வந்து, "யக்கா, தூங்குத சாமான வுட்டுட்டுப் போறிய," என்று கொடுத்துவிட்டுப் போனார்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த ஷார்ட்ஸ் இருப்பது ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு நோயாளி சொல்லித்தான் தெரிந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து அவருக்குக் காறையெலும்பு முறிவு. அக்கா நேரே துணிக்கடைக்குப் போனார்.

"மெத்த வச்ச டவுசர் வேணும்."

"எத்தன வயசுப் பிள்ளைக்கு மேடம்?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, பெண்கள் பிரிவிலிருந்து ஓர் அம்மாளை வரவழைத்தார். அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "இந்த வயசுல வாரதுதான் அக்கா. மெடிக்கல் ஷாப்புல கேளுங்க, தருவாவ. வெக்கப்படாதிய."

"சைக்கிள் ஓட்டன்னு சொன்னேன். அந்த நெலமையில சைக்கிள் வேறயான்னு ஒரு பார்வ பாத்தா," என்றார் அக்கா.

கடைசியில் ஆன்லைனில் வாங்கினார். அது வந்த வாரத்தில்தான் முதல்முறையாக என் கதவைத் தட்டினார். கையில் சின்னத் துண்டுச்சீட்டு.

"மேடம், நீங்க படிச்சவிய. இங்கிலீஷ்ல போட்டிருக்கு. நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். இதை உள்ளாடை இல்லாமல் அணியவும் என்று போட்டிருந்தது.

"சரிதானுங்க்கா."

"உள்ள ஒண்ணும்..."

"ஒண்ணும் போடக் கூடாதுங்க்கா."

இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அச்சுப் பிழையா இருக்குமோ?" என்றார்.

போனில் தேடிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். உள்ளாடையின் தையல்தான் உரசி உரசிப் புண்ணாக்குமாம். மெத்தை தோலை ஒட்டியே இருக்க வேண்டுமாம். படித்துக் காட்டினேன். அக்கா சீட்டை மடித்து வைத்துக்கொண்டார்.

"அப்பம் நான் இந்த வாரம் பூரா பட்டது தையலாலதானா. சரி. மேல சுடிதார் போட்டுக்கிடலாம்லா?"

"தாராளமாப் போட்டுக்கலாமுங்க்கா."

"அது போதும்."

அன்றைக்கு டீ குடித்துவிட்டுப் போனார். என் நாற்காலியை அழுத்திப் பார்த்து, நல்ல நாற்காலி என்று சான்றிதழும் கொடுத்தார். அந்த வீட்டில் நான் போட்ட டீயை வேறொருவர் குடித்தது அதுதான் முதல் தடவை.

ஷார்ட்ஸை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் கொடியில் போடுவார். வற்றல் காயவைக்க மாடிக்கு வந்த வீட்டுக்காரம்மா கண்ணில் அது பட்டுவிட்டது. மெத்தையைத் தொட்டுப் பார்த்தவர், நேரே என்னிடம் வந்தார்.

"கீழ்வீட்டு அக்காவுக்கு ஆபரேசன் ஏதும் ஆயிருக்கா? சொல்லவேயில்லியே."

நான் விளக்குவதற்குள் படி இறங்கிவிட்டார். மறுநாள் காலையில் கீழ்வீட்டுக்குத் தூக்குவாளியில் கஞ்சி போனது. கூடவே பருப்புத் துவையல். அதற்கு மறுநாளும் போனது.

"உண்மையச் சொல்லீரலாமுங்க்கா," என்றேன் நான்.

அக்கா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது. "சொல்லணும்தான். ஆனா நான் வைக்காத கஞ்சிய நான் குடிச்சு எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? இன்னும் ரெண்டு நாளு குடிச்சிட்டுச் சொல்லுவோம்."

ரெண்டு நாள் ரெண்டு வாரமானது. ஒருநாள் வீட்டுக்கார அண்ணாச்சி, அக்கா சைக்கிளில் காற்றாகப் போவதைப் பார்த்துவிட்டு, "தையல் பிரிஞ்சிராதா?" என்று கவலையாகக் கேட்கப்போய் விஷயம் வெளியே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கஞ்சி நின்றுவிட்டது. அதன் பிறகும் கொஞ்ச நாள் அந்த நேரத்துக்கு அக்கா வாசல் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

உரசல் குறைய ஏதாவது தடவ வேண்டும் என்று கேள்விப்பட்டு, அக்கா செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயைத் தடவினார். இரவோடு இரவாகச் செவ்வெறும்பு மெத்தைக்குள் குடியேறிவிட்டது. இலஞ்சி விலக்கு வரை அவை தூங்கிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் அக்கா ஓட்டிய வேகத்தில் ஒரு மினி பஸ்ஸைத் தாண்டியதாக அவரே சொன்னார். அதோடு எண்ணெயை விட்டுவிட்டு, கைக்குழந்தைகளுக்குத் தடவுகிற கிரீமுக்கு மாறினார்.

சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் எனக்கு ஊருக்குப் போக முடியவில்லை. பஸ் ஏறிக் குற்றாலம் மெயினருவிக்குப் போனேன். அங்கே ஒரு மரத்தடியில் கூட்டம். நடுவில் எக்ஸ்ரே அக்கா. அருவியில் குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு, ஷார்ட்ஸை அலசி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டிருக்கிறார். மெத்தென்று இருந்ததைப் பன் என்று நினைத்து ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"அத வச்சு நீ என்ன செய்யப் போற? கொப்புலதான காலம் பூரா உக்காருத. உனக்குப் பழக்கம்," என்று அக்கா மேலே பார்த்து நியாயம் பேசிக்கொண்டிருந்தார். குரங்கு மெத்தையைக் கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை. நான் ஓடிப்போய் மங்குஸ்தான் பழம் வாங்கிவந்து ஒன்றை வீசினேன். அதைப் பிடித்துக்கொண்ட குரங்கு, ஷார்ட்ஸைக் கிளையில் விரித்து அதன்மேல் வசதியாக உட்கார்ந்து பழத்தை உரிக்க ஆரம்பித்தது.

அக்கா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சரியா மெத்தை மேலயே உக்காந்திருக்கு பாத்தியளா. துணிக்கடையில உள்ளவளுக்குப் புரியல. இதுக்குப் புரிஞ்சுட்டு."

எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவில்லை. அக்காவுக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பழத்தைத் தின்று முடித்த குரங்கு ஷார்ட்ஸை இரண்டாகக் கிழித்துவிட்டுப் போனது. மிச்சப் பழத்தை நாங்கள் ஒரு மதகில் உட்கார்ந்து தின்றோம்.

"ஊருக்குப் போகாத ஞாயித்துக்கெழமையில என்ன செய்விய?" என்று அக்கா கேட்டார்.

"தூங்குவேனுங்க்கா."

"பகல் பூராவுமா?"

"போன் பார்ப்பேன்."

அவர் ஒரு பழத்தை உடைத்து என் கையில் வைத்தார்.

அடுத்த வாரம் அவருக்கு வந்த பார்சலை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்தேன். மறுநாள் காலையில் அக்கா மாடி ஏறி வந்தார். கையில் புது ஷார்ட்ஸ்.

"ரெண்டு ஆர்டர் போட்டேன். ஒண்ணு அளவு மாறி வந்துட்டு. திருப்பி அனுப்பலாம்னா நாளு தாண்டிட்டு. உங்களுக்குச் சேருதான்னு பாருங்க."

நாள் எப்படி ஒரே ராத்திரியில் தாண்டியது என்று நான் கேட்கவில்லை. போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. "என்கிட்ட சைக்கிள் இல்லீங்களேக்கா," என்றேன்.

"என் பழைய வண்டி காலையில சும்மாதான் நிக்கி. காத்தடிச்சு, எண்ணெயும் போட்டு வச்சிருக்கேன்."

இப்படித்தான் நான் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். அக்கா முன்னால் போவார், நான் பின்னால். அதிகம் பேசமாட்டார். ஐந்தருவி ஏற்றத்தில் நான் திணறும்போது மட்டும், எக்ஸ்ரே அறையில் சொல்கிற அதே குரலில், "மூச்ச இழுங்க. பிடிங்க. விடுங்க," என்பார். ஒருநாள் ஒரு பஸ் என்னை உரசுகிற மாதிரி வந்தது. "ஏட்டி, ஓரமா வா," என்று கத்தினார். அன்றோடு மேடம் போயிற்று. அதற்கப்புறம் நான் ஏட்டிதான்.

ஒருமுறை பண்பொழி வரை போனோம். மலையடிவாரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மைய ஒருவாட்டி இங்கன கூட்டியாரணும்னு நெனச்சேன். கார் பேசி, பின்சீட்டுல மெத்த எல்லாம் போட்டு. அதுக்குள்ள போயிட்டா," என்றார். பிறகு அவரே, "உனக்கு எங்கயும் வலிக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பம் சாமான் நல்ல சாமான்தான்," என்று ஏறிவிட்டார்.

இரண்டு வருஷத்தில் எனக்குக் கோயம்புத்தூருக்கே மாற்றல் வந்தது. சொன்னேன். "நல்லது. பிள்ளைகூட இருக்கணும்லா," என்றார். பிறகு, "ஒன் ஷார்ட்ஸ எடுத்துட்டு வா," என்றார்.

வாளியில் பச்சைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். எதிரே என்னை முக்காலியில் உட்காரவைத்து, என் ஷார்ட்ஸை அவரே துவைத்துக் காட்டினார்.

"ஓட்டிட்டு வந்ததும் ஒடனே போட்டுரணும், மறுநாளுன்னு வைக்கக் கூடாது. உள்பக்கத்த வெளிய திருப்பிக்கோ. சோப்பு கொஞ்சம் போதும். வாசனைக்குன்னு கடைசியில ஊத்துவாவள்லா, அத ஊத்திராத, மெத்த கெட்டுப்போவும். முறுக்காத. இப்படி அமுக்கி விடு. பாத்தியா? வெயில்ல போடாத, நெழல்ல போடு. தேய்ச்சிராத. மெசின்ல போட்டேன்னு கேள்விப்பட்டேன்..." என்று நிறுத்தினார். போட்டால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. அமுக்கிய ஷார்ட்ஸையே மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியது தீர்ந்துபோனதும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் முழுக்கக் கேட்டேன்.

மறுநாள் காலையில் என் சாமான்களை ஏற்ற வண்டி வந்தபோது கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. "விடியமுன்னயே சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டா," என்றார் வீட்டுக்காரம்மா.

கோயம்புத்தூரில் நான் இன்னும் சைக்கிள் வாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்துச் சாலையில் நடக்கவே தைரியம் வேண்டும். அக்காவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறார். சௌக்கியமா என்று கேட்பதில்லை. "தொவைச்சிட்டியா? நெழல்லதான போட்டிருக்க?" என்பார். ஆமாம் என்றால், "சரி, வைக்கேன்," என்று வைத்துவிடுவார். நாங்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே வாளியில் பச்சைத்தண்ணீர் பிடித்து உட்கார்ந்துவிடுகிறேன். போன வாரம் மகள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"ஏம்மா, நீ இதைப் போடறதே இல்ல. அழுக்கும் ஆகல. அப்புறம் எதுக்கு வாராவாரம் தொவைக்கற?"

"அக்கா கூப்புடுவாங்க சாமி," என்றேன். "கேட்டாங்கன்னா சொல்லோணுமல்ல."