விளக்கெண்ணெய் அண்ணனின் விடியற்காலைச் சங்கு

கோலார் தங்கவயலில் செத்த எதையும் சாகவிடாத ஒரே மனிதர், எங்கள் ஊரிகம் தொழிலாளர் லைனில் இருந்த விளக்கெண்ணெய் அண்ணன்தான். உண்மைப் பெயர் இருந்திருக்கும். கேட்டவர் யாருமில்லை.

சுரங்கத்தின் அடி லெவலில் பம்ப் ஃபிட்டராக இருந்தவர். சுரங்கத்தை மூடினார்கள். சாமான்களை மட்டுமா கண்டம் பண்ணினார்கள்? ஆட்களையும் பண்ணினார்கள். உருப்படாது என்று தள்ளுவதற்கு எங்கள் வொர்க்‌ஷாப் வார்த்தை அது. அப்புறம் வேலைக்காக ஊரே பெங்களூர் ரயிலில் தொங்க ஆரம்பித்தது. நானும்தான்.

அண்ணன் தொங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைட் மண்மேட்டுக்குக் கீழே பெங்களூர்ப் பணக்காரர்கள் பொம்மை விமானத்தில் பந்தயம் விடுவார்கள். எலுமிச்சம்பழம் அளவு எஞ்சின், ஊரையே கிழிக்கிற சத்தம். ஒருத்தன் ஒரு நாள், "தேய்ந்துவிட்டது, கண்டம்" என்று ஒரு எஞ்சினை வீசி எறிந்தான்.

"இன்னா சொன்ன? கண்டமா? அத்த சொல்றதுக்கு நீ யாரு?" என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டார் அண்ணன். எஞ்சினோடுதான் வீட்டுக்கு வந்தார்.

பிடித்தது சனி, அவர் மனைவி மேரியக்காவுக்கு. அண்ணன், லாரி ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைத் தண்ணீரைக் குக்கரில் ஊற்றி, கருகிப்போன எண்ணெய் கழல எஞ்சினை வேகவைத்தார். கிறிஸ்துமஸ் மட்டனுக்கென்று அக்கா எடுத்துவைத்திருந்த குக்கர் அது.

"யோவ், எத்தினி விசில் விடணும் இதுக்கு?" என்று அக்கா கரண்டியோடு நின்றார்.

"வேகற வரைக்கும்."

தேய்ந்த சிலிண்டரைச் சூடு காட்டி, இரும்பு வளையத்துக்குள் தட்டி இறக்கி, மயிரிழை இறுக்குவார். பிஸ்டன் மறுபடி கவ்விக்கொள்ளும். பிறகு விளக்கெண்ணெயைத் தாராளமாகக் கலந்து ஓடவிடுவார். முதலில் பாழாக்கியவை நிறைய. அதைச் சொன்னால் ஒரு வாரம் பேசமாட்டார். போகப்போகப் பெங்களூர்க்காரர்களே தேடிவந்து கொடுத்தார்கள். கோப்பை அவர்களுக்கு, நாற்றம் எங்களுக்கு.

கண்டம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. கோயிலில் பாஸ்டர், "இந்த உடம்பு ஒன்றுக்கும் உதவாத மண்பாண்டம்" என்றபோது பின்பெஞ்சிலிருந்து, "கழட்டிப் பாத்தீங்களா பாஸ்டர்?" என்று குரல் வந்தது. அன்றைக்குப் பிரசங்கம் சீக்கிரம் முடிந்தது. அதற்காக மட்டும் ஊர் அவரை வாழ்த்தியது.

குளிர்ந்த காற்றில்தான் எஞ்சின் நன்றாக மூச்சுவிடுமாம். அதனால் சுரங்கத்தில் முன்பு முதல் ஷிப்டுச் சங்கு ஊதிய நேரத்துக்குக் கொல்லையில் கிளப்புவார். பகலில் அவரை அண்ணே என்கிற நான், அந்நேரத்தில் ஜன்னலைத் திறந்து, "ஏ சாவுகிராக்கி, தூங்க விடுயா!" என்று கத்துவேன்.

"ரயிலுக்கு நேரமாச்சி, எழுந்துர்றா!" என்று பதில் வரும்.

இருமல் முற்றியபோது நான்தான் கோலாருக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "பாறைத் தூசி. நுரையீரல் தேஞ்சிபோச்சு. இனி புகையே ஆகாது" என்றார்.

"லேசா சூடு காட்டி இறுக்க முடியாதா சார்?"

டாக்டர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "கண்டம்னு சொல்ல அவருக்கு வாய் வரல. நல்ல மனுசன்" என்றார். தங்கமெல்லாம் ஊர் ஊராகப் போச்சு, இவருக்குத் தூசிதானே மிஞ்சியது!

அக்கா எஞ்சினை அரிசி டின்னுக்குள் ஒளித்தார். மறுநாள் லைனே தூங்கிவிட்டது. பாதிப் பேருக்கு ரயில் போச்சு. அதற்கும் அவரையே திட்டினோம். அவரோ சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அக்காவால் தாங்க முடியவில்லை.

"எழுந்து தொலை. பொகை வராத பக்கமா ஒக்காரு. நானே சுத்துறேன்."

அதன்பிறகு அக்கா எஞ்சினின் விசிறியைச் சுண்டிவிட, அவர் நாற்காலியில் இருந்தபடி அதிகாரம் பண்ணினார். "எண்ணெய் கம்மியா ஊத்தாதடி, தேஞ்சிடும்!" மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த வாரமே பெங்களூர்க்காரர்கள் வந்து தங்கள் எஞ்சின்களை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய அந்த முதல் எஞ்சினைப் புரட்டிப் பார்த்த ஒருவன், "இது வேணாம் ஆன்ட்டி, கண்டம்" என்றான்.

"யாரப் பாத்துடா கண்டம்ங்கிற?" அக்காவின் கரண்டி மறுபடி வெளியே வந்தது. "எழுந்து போங்கடா வெளிய!"

மறுநாள் விடியற்காலை அந்தச் சத்தம் கேட்டது. பழக்கதோஷம், ஜன்னலைத் திறந்தேன். வாயையும் திறந்தேன். திட்டு வரவில்லை.

"ரயிலுக்கு நேரமாச்சி தம்பி, எழுந்துரு" என்றது அக்காவின் குரல்.

"எழுந்துட்டேன்க்கா" என்றேன். கட்டிலைவிட்டு இறங்கவில்லை. எண்ணெய் தீர்ந்து அது தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.