கூட்டக் குறிப்பேடும் என் பதினான்கு மாதக் கையெழுத்தும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் என் முதுகுவலியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? நீ போட்ட கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை, சட்டைப் பையிலேயே இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, எனக்கு இங்கே தலைபோகிற விவகாரம். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அண்ணியிடம் போனில் மூச்சு விடாதே. அவளும் எனக்கு எதிராகச் சதி செய்கிற கும்பலில் சேர்ந்துவிட்டாளோ என்று எனக்குப் பலத்த சந்தேகம்.

எங்கள் கம்பெனிக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை என்பது உனக்குத் தெரியும். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் இஞ்சினியர் வந்து சேர்ந்தாள். ஆண் பெண் என்று வித்தியாசம் பார்க்கிற ஆளா நான்? முதல் நாளே, "பயப்படாதே பாப்பா, கஷ்டமான வேலை எதுவும் குடுக்க மாட்டோம்" என்று பிரியமாகத்தான் சொன்னேன். அவளுக்கு முப்பத்து நாலு வயது, பத்து வருஷ அனுபவமாம். பதிலுக்கு ஒரு சிரிப்புகூட இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் எங்களுக்குக் கூட்டம் நடக்கும், யார் என்ன பேசினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும், அதை எழுதச் சொன்னால் ஆம்பளைகள் எட்டுப் பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்போம், அதனால் நான்தான், "பொம்பளைப் பிள்ளை எழுத்து முத்து முத்தா இருக்கும், நீயே எழுதிடும்மா" என்று நோட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். என் சொந்தக் கையால் தள்ளினேன், தங்கச்சி! அவள் எழுதி முடித்ததும் மூத்தவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போடுவேன். படித்துப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும், டீ ஆறிப்போகாதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்லப்போகிற யோசனையை இவள் எப்படியோ மோப்பம் பிடித்து எனக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாள். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நாலாவது மாடியில் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. மோட்டாரா, வயரா என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது இவள், "மோட்டார்ல ஒண்ணும் இல்ல, கதவுப் பூட்டுல தூசி அடைச்சிருக்கும்" என்றாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை, நானும் அப்போது பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து எனக்குப் பளிச்சென்று பட்டது, "கதவுப் பூட்டைப் பாருங்கய்யா, தூசியா இருக்கும்!" என்றேன். முதலாளி மேஜையைத் தட்டி, "அதான் அனுபவம்கிறது!" என்றார். இப்படி ஒரு தடவை இல்லை, மாதக் கணக்காக நடக்கிறது. என் மூளைக்குள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிகிறது? மேஜை டிராயரைக்கூடப் பூட்டிப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

போன மாதம் ஸ்டோர்ஸ் பார்க்கிற அம்மாவும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். நான் வாயைத் திறந்து முடிப்பதற்குள், "ஆமா சார், இதையேதான் இஞ்சினியர் மேடம் பத்து இருபதுக்கே சொன்னாங்க" என்கிறார்கள். நான் நடுவில் பேசினால், "அவங்க முடிச்சிரட்டும் சார், அப்புறம் நீங்க" என்கிறார்கள். ரெண்டு பேரும் படிக்கட்டில் நின்று என்னவோ பேசுவார்கள், என் தலை தெரிந்தால் உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இத்தனை வருஷமாக அந்த அம்மாதான் எல்லோருக்கும் டீ ஊற்றுவார்கள். இப்போது சுவரில் முறைப்பட்டியல் ஒட்டியிருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்கு என் பெயர். நானும் போட்டேன், ஒருத்தர்கூட நல்லா இருக்குன்னு சொல்லலை. வீட்டுக்கு வந்து புலம்பினால் உன் அண்ணி, "கேஸ் சிலிண்டர் தீரப்போகுதுன்னு சனிக்கிழமை காலையில ஏழரைக்குச் சொன்னேன், ஒன்பது மணிக்கு நீங்க கண்டுபிடிச்ச மாதிரி என்கிட்டயே சொன்னீங்க" என்கிறாள். இந்த மணி சொல்கிற வித்தை அவளுக்கு எங்கேயிருந்து வந்தது?

சரி, போகட்டும் என்று விடலாம் என்றால், தலைமைப் பொறியாளர் நாற்காலி காலியாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நான் கண் வைத்திருக்கிற நாற்காலி. முதலாளி நேற்று, "எந்தக் கோளாறை யார் கண்டுபிடிச்சாங்கன்னு அந்த நோட்டுலயே இருக்குமே, அதைப் பார்த்து வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடறேன்" என்றார். எனக்கு ஒரே குஷி. நம் பெருமையை நாமும் ஒருமுறை படிப்போமே என்று நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐயோ, தங்கச்சி! "10.02: என்னைப் பாப்பா என்றார். 10.20: கதவுப் பூட்டில் தூசி என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. 10.35: கதவுப் பூட்டில் தூசி என்றார் மூத்தவர். பாராட்டு." பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. என்ன வஞ்சம் பார், நடந்ததை நடந்தபடியே எழுதி வைத்திருக்கிறாள்! பொய் என்று சாதிக்கலாம் என்றால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுழித்துச் சுழித்து என் கையெழுத்து.

இனி நீதான் என்னைக் காப்பாற்ற வேண்டும். முதலாளிக்கு ஒரு கடிதம் எழுது. சின்ன வயதிலேயே எனக்கு இயந்திர மூளை என்று எழுது. அம்மாவின் தையல் மிஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்ததே, மெக்கானிக்கே கைவிட்டுவிட்டுப் போனானே, ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று ஒன்பது வயதில் நான் கண்டுபிடித்ததை எழுது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனதையும், அதனாலேயே கடன் வாங்கியாவது என்னை இஞ்சினியரிங் படிக்க வைத்ததையும் எழுது. நீ பக்கத்திலேயே இருந்த சாட்சி. வியாழக்கிழமைக்குள் கிடைக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசுக்கு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
சுற்றிலும் சதி சூழ்ந்த உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் கடிதம் கையில் தட்டுப்பட்டது, பிரித்துப் படித்தேன். உன் மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டையைப் பேக்கிங் மிஷின் ஏன் கிழிக்கிறது என்று நீ சொன்னாயாம், யாரும் கேட்கவில்லையாம், அரைமணி நேரம் கழித்து சூப்பர்வைசர் அதையே சொன்னானாம், அவனுக்குப் பாராட்டாம். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எவன்டா அவன், என் தங்கச்சி சொன்னதைத் தன்னுதுன்னு சொல்றவன்? உங்கள் முதலாளிக்குப் புகார் எழுதலாம் என்று தாளை எடுத்து, எப்படி எழுதுவது என்று தெரியாமல் எங்கள் இஞ்சினியர் பெண் எழுதிய நோட்டைப் பார்த்தே நேரம், ஆள், பேச்சு என்று மூன்று கோடு போட்டேன். அப்புறம் உன் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன். "விடுங்கண்ணா, எனக்கு இது பழக்கம்தானே."

எப்போதிலிருந்து பழக்கம் என்று யோசித்தேன். அன்றைக்கு அம்மாவின் தையல் மிஷினுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது நீதான். "ஊசி திரும்பி இருக்கு"ன்னு சொன்னதும் நீதான். ஆறு வயசு உனக்கு, யாரும் காதில் வாங்கலை. நான் அதையே சத்தமா சொன்னேன். இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூட வாயைத் திறக்கலையே! ரொம்ப வெட்கமாயிருக்கு, தங்கச்சி.

மேலே கேட்ட சாட்சிக் கடிதம் வேண்டாம். அன்றைக்கு நீ எப்போது சொன்னாய், நான் எப்போது சொன்னேன் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. நோட்டோடு சேர்த்து முதலாளி மேஜையில் வைக்கிறேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.