தவமணி கழுத்து நிமிர்ந்த கதை

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறைக்குப் பக்கத்துக் குளக்கரையில், தவமணி என்றொரு நாரை இருந்தாள். கல்யாண போட்டோ எடுப்பது அவள் தொழில். ஒற்றைக் காலில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கத் தெரிந்தவள் என்பதால் அவளுக்கு ஸ்டாண்ட் தேவைப்படவில்லை. மறு காலால் கேமராவைத் தூக்கிப் பிடித்து அலகு நுனியால் பட்டனைத் தட்டுவாள். கண்ணை மூடிய மாப்பிள்ளை அவள் ஆல்பத்தில் ஒருவர்கூடக் கிடையாது.

ஒரே ஒரு தொல்லை. கேமரா கனம், அதில் மாட்டிய லென்ஸ் அதைவிடக் கனம். இரண்டும் சேர்ந்தால் நன்றாகக் கொழுத்த நாலு விரால் மீன் எடை வரும். அதை வாரில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு நாலு வருஷம் அலைந்ததில் கழுத்து வளைந்து தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டது. வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குளத்துத் தண்ணீரில்தான் பார்ப்பாள்.

காட்டில் எல்லோருக்கும் அந்தக் கழுத்தை வைத்துத்தான் அவளைத் தெரியும். "பாவம், கேமரா அக்கா வருது, வழி விடுங்க" என்பார்கள். பந்தியில் கேட்காமலே இரண்டாவது தடவை பாயசம் விழும்.

அந்த வருஷம் கருத்தமுத்து என்ற காட்டுப்பன்றி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு எட்டுப் பெண்கள். எட்டும் ஒரே பிரசவம் என்பதால் எட்டுக்கும் ஒரே சமயத்தில் கல்யாண வயது வந்துவிட்டது.

"மூத்தவ கல்யாணத்தை நீ எடும்மா. மனசுக்குப் பிடிச்சா மிச்சம் ஏழும் உனக்கு. இல்லேன்னா தேனப்பன் இருக்கான்" என்றார்.

தேனப்பன் என்ற கரடிதான் காட்டின் இன்னொரு போட்டோகிராபர். ஒரு முறை லென்ஸ் மூடியைக் கழற்றாமலே கல்யாணம் முழுவதையும் எடுத்தவன். ஆல்பம் முழுக்கக் கறுப்பு. கரடி வீட்டுக் கல்யாணமாக இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எட்டுக் கல்யாணம் கிடைத்தால் கோடையில் குளம் வற்றினாலும் கவலையில்லை. ஆனால் இந்தக் கழுத்தோடு மூன்றாவது கல்யாணத்தைத் தாண்ட முடியாது என்று தவமணிக்குத் தெரிந்தது. அவள் சுருளாண்டியிடம் போனாள். சுருளாண்டி, உடம்பெல்லாம் செதில் போர்த்திய ஓர் அழுங்கு. பை, பெல்ட், வார் தைக்கிறவர்.

"கழுத்துல எதுக்கு மாட்டுறே? அது தலையைத் தாங்குறதே பெரிய காரியம்" என்றார் அவர். "கனம் தாங்குறதுக்கு இடுப்பு இருக்கு. இடுப்புக்குக் கீழே ரெண்டு கால் இருக்கு."

"எனக்கு இடுப்பு இருக்கா அண்ணே?" என்று தவமணி கூச்சத்தோடு கேட்டாள்.

"தேடிப் பார்ப்போம்" என்று அவர் அளவு நாடாவை எடுத்தார்.

"பெல்ட் தோல்லயா செய்வீங்க?"

"வாயைக் கழுவு! யாரு தோல்னு ஒரு பேச்சு கிளம்புனா இந்தக் காட்டுல நான் கடை நடத்த முடியுமா? கற்றாழை நார்."

மூன்றாம் நாள் பெல்ட் தயாரானது. அகலமான பெல்ட், வலப்பக்கம் ஒரு தட்டு, தட்டில் மேலே அகன்று கீழே குறுகும் ஒரு பள்ளம். கேமராவின் அடியில் ஒரு குமிழைத் திருகி, அந்தக் குமிழைப் பள்ளத்தில் இறக்கினார். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. லென்ஸ் தொடையோரம் தலைகீழாகத் தொங்கியது. ஒரு சின்னக் கொக்கியைத் தட்டினால் கேமரா கழன்று வந்துவிடும்.

தவமணி நடந்து பார்த்தாள். குதித்துப் பார்த்தாள். எதுவும் மார்பில் இடிக்கவில்லை. மெதுவாக, ஒரு சத்தம் கேட்குமோ என்று பயந்தபடி, கழுத்தை நிமிர்த்தினாள். மேலே ஒரு மேகம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, நேர்ல பார்த்தா இவ்வளவு வெள்ளையா!" என்றாள்.

கல்யாணத்தன்று நிமிர்ந்த கழுத்தோடும் மடித்த சிறகுக்கடியில் கேமராவோடும் பந்தல் வாசலுக்கு வந்தாள். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த முள்ளம்பன்றி தடுத்தது.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"போட்டோகிராபருங்க."

"நல்லாச் சொன்னே. கேமரா அக்காவை எனக்குத் தெரியாதா? அதுக்குக் கழுத்து இப்படி இருக்கும்" என்று தன் கழுத்தை வளைத்துக் காட்டியது. தவமணி சிறகைத் தூக்கி இடுப்பைக் காட்டினாள். "தண்ணி பாட்டிலா? சரி, உள்ளே போ. பந்தியில ஆள் பத்தலை."

உள்ளே மாப்பிள்ளையின் அத்தை அவளைப் பிடித்துக்கொண்டாள். "சும்மாதானே நிக்கிறே? இந்தக் கிழங்கு வாளியைப் பிடி. ரெண்டாவது வரிசைக்கு ஊத்து."

தவமணிக்கு எதிர்த்துப் பேச வராது. வாளியைப் பிடித்தாள். ஒரு வரிசை முழுக்கக் கிழங்குக் கூட்டு பரிமாறி நிமிர்ந்தபோது முகூர்த்த நேரம் வந்துவிட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் துழாவினார். அந்தக் காட்டில் போட்டோகிராபர் தலையாட்டாமல் யாரும் தாலி கட்டுவதில்லை.

"போட்டோகிராபர் எங்கேய்யா?"

"இங்கே இருக்கேன்!" என்றாள் தவமணி, கடைசி வரிசையிலிருந்து.

"கிழங்கு அப்புறம் போடலாம்மா, உட்காரு" என்றது முன்வரிசை. ஐம்பது செல்போன்கள் உயர்ந்து மேடையை மறைத்தன. நல்ல நேரம் போகிறதென்று ஆமை ஐயர் அவசரப்படுத்தினார். மரங்கொத்தி கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டது.

வாளி கீழே விழுந்தது. 'டக்'. கொக்கி விடுபட்டது. தவமணி கேமராவை அலகால் கவ்வி, நாலு வருஷம் கனம் தூக்கி உரமேறியிருந்த அந்தக் கழுத்தை முழு நீளத்துக்கும் மேலே நீட்டினாள். ஐம்பது செல்போன்களும் அவளுக்குக் கீழே போய்விட்டன. நாக்கு நுனியால் பட்டனைத் தட்டினாள். மூன்றாவது முடிச்சு, பெண்ணின் கண்ணில் ஒரு துளி, பின்னால் கருத்தமுத்து மூக்கைத் துடைப்பது, எல்லாம் ஒரே படத்தில் விழுந்தன. அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

மறுநாள் கருத்தமுத்து படங்களைப் புரட்டினார். புரட்டி முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ கல்யாணத்துக்கே வரலைன்னு சம்பந்தி வீட்டுல பேசிக்கிறாங்க."

"வராம எப்படி மாமா இதை எடுத்தேன்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். தானா விழுந்திருக்கும்கிறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "தேனப்பனைப் பாரு. மூச்சு வாங்குது, நாக்கு தள்ளுது, நெஞ்சுல அம்மிக்கல்லு மாதிரி கேமரா. பார்த்தாலே நாம நல்ல ஆளைத்தான் வெச்சிருக்கோம்னு ஒரு திருப்தி. நீ கஷ்டப்பட்ட மாதிரியே தெரியலையேம்மா. ரெண்டாவது பொண்ணுக்கும் இப்படித்தான்னா, மிச்சத்தை அவன்கிட்ட கொடுத்திடுவேன்."

தவமணி குளக்கரையில் ஒற்றைக் காலில் நின்று யோசித்தாள். கழுத்து முக்கியமா, பிழைப்பு முக்கியமா? நேராக மேகத்தைப் பார்த்துப் பழகிவிட்டாள். அதையும் விட மனமில்லை. யோசித்துக்கொண்டே இருந்தபோது வேலியில் காய்ந்து தொங்கிய ஒரு சுரைக்குடுவை கண்ணில் பட்டது.

குடுவைக்குக் கரி பூசினாள். முன்னால் லென்ஸ் மாதிரி ஒரு முழ மூங்கிலைச் செருகினாள். வாரில் கட்டிக் கழுத்தில் மாட்டினாள். இறகு எடைகூட இல்லை. ஆகவே கழுத்து தொங்குவதுபோல் நடிக்க வேண்டியிருந்தது. போதாததற்குக் கழுத்தைச் சுற்றி ஒரு துணியும் கட்டிக்கொண்டாள். நிஜக் கேமரா இடுப்பில் சுகமாகத் தூங்கியது.

இரண்டாவது கல்யாணத்தில் முள்ளம்பன்றி ஓடி வந்து இரண்டு தடவை பன்னீர் தெளித்தது. "அக்கா வந்தாச்சு, ஒதுங்குங்க!" கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அதே அத்தை, "ஐயோ பாவம், கழுத்தைப் பாருங்களேன். என்ன உழைப்பு! இந்தாம்மா, முதல்ல ஒரு வாய் பாயசம் குடி" என்றாள். தாலி அவள் தலையாட்டும் வரை காத்திருந்தது.

ஒரு சின்னக் கோளாறு மட்டும். மேடையில் எல்லோரும் மூங்கிலைப் பார்த்தே சிரித்தார்கள். படமோ இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தது.

"எல்லாரும் ஏன் எங்கேயோ மேலே பார்க்கிறாங்க?" என்று கருத்தமுத்து கேட்டார்.

"நல்ல காலத்தைப் பார்க்கிறாங்க மாமா."

கருத்தமுத்து கண் கலங்கி, மிச்சம் ஆறையும் அவளுக்கே கொடுத்தார்.

தொழில் ரகசியம் தொழில்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு காலையில் தேனப்பன் சுருளாண்டி கடைக்கு வந்து தனக்கும் ஒரு பெல்ட்டும் ஒரு சுரைக்குடுவையும் கேட்டான். கரடிக்கு இடுப்பு அளக்க நாடா போதவில்லை. குடுவையை மட்டும் மாட்டிக்கொண்டு, கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, அடுத்த கரடிக் கல்யாணத்துக்குப் போனான். கறுப்பு அட்டைகளாகவே ஆல்பம் செய்து கொடுத்தான். போன தடவையைவிட இந்தத் தடவை தெளிவாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

நீதி: கனத்தை இடுப்பில் மாட்டு, கஷ்டத்தைக் கழுத்தில் மாட்டு.