டைனமோ பாய் கட்டிய வண்டி

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், டைனமோ பாய் சந்தேகப்படாத ஆள் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை. தபால்காரர், பால்காரர், பக்கத்து வீட்டு ஆடு, எல்லாரும் அவருக்கு ஒற்றர்கள்தான். கடல்காற்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. இரும்பில் துரு ஏறினால் உப்புக்காற்று என்று நாமெல்லாம் பேசாமல் இருந்துவிடுவோம். பாய், "தெருவுல இத்தினி வூடு இருக்கு, நம்ம கொட்டாய்க்குள்ளதான் வந்து அடிக்குது பாத்தியா" என்று காற்று வந்த திசையை முறைப்பார்.

அவருடைய நிஜப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், ஏன் எழுதினாய் என்று எங்கிருந்தாவது வந்து கேட்பார். ரங்கூனில் ஏதோ ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பஸ், லாரிகளின் டைனமோவைக் கழற்றிக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். கை சுத்தமான வேலைக்காரர் என்று எல்லா டிரைவர்களும் சொல்வார்கள். அதை அவர் காதில் போட்டால், எதற்காகப் புகழ்கிறான் என்று இரண்டு நாள் யோசிப்பார்.

அறுபதுகளின் நடுவில் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. பாய் வீட்டின் முன்னறை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஊர் என்ன, சாதி என்ன, சம்பளம் என்ன என்று எதையும் அவர் கேட்கவில்லை. ஸ்பேனர் பிடித்திருக்கிறாயா என்று கேட்டார். சைக்கிளுக்கு எண்ணெய் விடவே ஆள் தேடுகிறவன் நான் என்றேன். உள்ளே போய் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டி, இது என்ன என்றார். ஏதோ சென்ட் பாட்டில் மூடி மாதிரி இருக்கிறது என்றேன். அந்த நிமிஷமே அறையைக் கொடுத்துவிட்டார். என் வாழ்க்கையில் ஒன்றும் தெரியாததற்காக எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அந்த அறைதான்.

அதுவும் நிலைக்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியாத மாதிரி இருக்கறவன்தான் தம்பி ஜாஸ்தி தெரிஞ்சவன்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்து இரண்டு வருஷம் என் மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் கொல்லையில் இருந்த கீற்றுக் கொட்டகை. அதற்கு மூன்று பூட்டு. உள்ளே, எங்கோ புளியமரத்தில் மோதி மூஞ்சி நசுங்கிப்போன ஒரு பழைய ஆஸ்டின் கார். அதைப் பாய் மலிவாக வாங்கிப் போட்டிருந்தார். அதை ஓட வைப்பது அவருடைய ஆசை இல்லை. ஓடுகிற கார் யாரிடமும் இருக்கும். இது மெட்ராஸ் எக்ஸ்பிரஸை முந்த வேண்டும். எஞ்சினைப் பிரித்து, அதன் மேல்மூடியான ஹெட்டைக் கண்ணாடிப் பலகையில் வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பார். அது தேயத் தேய வண்டிக்கு வேகம் ஏறுமாம். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று ஒருநாள் சும்மா கேட்டுத் தொலைத்தேன். கொட்டகைக்கு நாலாவது பூட்டு வந்தது.

வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர் வைப்பது என்பது அவருடைய பெரிய திட்டம். இரண்டையும் எஞ்சினோடு சேர்க்க அலுமினியத்தில் ஒரு குழாய் வேண்டும். கடையில் கிடைக்காது, வார்த்துத்தான் எடுக்க வேண்டும். அலுமினியமோ அடுப்பங்கரையில் இருந்தது. பாயின் சம்சாரம் பாயம்மா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்சா அது, ஐம்பது பேருக்கு நெய்ச்சோறு ஆக்கலாம். பாய் அதை உருக்கி ஊற்றிவிட்டார்.

நான் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாயம்மா தேக்சாவைத் தேடியபோது பாய் கொஞ்சமும் அசராமல், தெருவில் எவனோ தூக்கிவிட்டான், நான் அப்போதே சொன்னேன் என்று ஆரம்பித்தார். சந்தேகப் பட்டியலில் என் பெயர் மூன்றாவதாக வந்தது. ஆனால் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற வழக்கம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறதே. உருகாமல் மிஞ்சிய விளிம்புத் துண்டு ஒன்று கொட்டகை ஓரத்தில் கிடந்தது. அதில் பாயம்மாவைப் பெற்ற அத்தாவின் பெயர் முழுசாக இருந்தது.

அந்த அம்மா அழவில்லை, சத்தம் போடவில்லை. டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். படியிறங்கும்போது, "இந்த வண்டி என்னிக்கு எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்குதோ, அன்னிக்கு அதுலயே ஏறி வர்றேன். அதுவரைக்கும் கூப்புடாதீங்க. தம்பி, நீங்க சாட்சி" என்றார். சாட்சி சொல்கிற வயசா எனக்கு. தலையை ஆட்டி வைத்தேன்.

அதன்பிறகு பாய்க்குச் சாப்பாடு ஓட்டலில், தூக்கம் கொட்டகையில். வேறொரு ஆளாக இருந்தால் எஞ்சினை எப்படியோ சேர்த்துக் கட்டி ஆறு மாதத்தில் சிதம்பரம் போயிருப்பான். இவருக்கு யாரை நம்பி ஒரு சாமானைக் கடைசலுக்குக் கொடுப்பது என்பதே பிரச்சினை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சாமானின் பாதியைக் கடலூர் லேத்துக்குக் கொடுப்பார், மறுபாதியைப் புவனகிரி லேத்துக்கு. இருவரிடமும் கிணற்று பம்புக்கு என்று சொல்வார். அதோடு விட்டாரா. உண்மையான அளவைச் சொன்னால் ரகசியம் போய்விடும் என்று இரண்டு இடத்திலும் அளவை மாற்றிச் சொன்னார். எவ்வளவு மாற்றிச் சொன்னோம் என்பதை எழுதி வைத்தால் எவனாவது படித்துவிடுவான் என்று எழுதியும் வைக்கவில்லை.

இரண்டு பாதியும் வந்து சேர்ந்தன. ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. பாய் அவற்றைத் திருப்பித் திருப்பிச் சொருகிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "சொன்ன அளவுக்கே கடைஞ்சி அனுப்பியிருக்கான் பாத்தியா தம்பி? வேணும்னே செஞ்சிருக்கான்" என்றார். இந்த மாதிரியே எட்டு மாதம் போயிற்று.

அவர் தெருவைச் சந்தேகப்பட்டதில் பாதியாவது தெரு அவரைச் சந்தேகப்படாதா? நாலு பூட்டு, உள்ளே டமார் டமார் என்று சத்தம், கீற்று வழியாகக் கரும்புகை. கள்ளநோட்டு மிஷின் என்று ஒரு கட்சி, வெடிமருந்து என்று ஒரு கட்சி. ஒருநாள் ஏட்டு ஒருவர் வந்து கதவைத் தட்டி, உள்ளே என்ன ஓடுகிறது என்று விசாரித்தார். பாய் கதவை இரண்டு விரல்கடை திறந்து, மாவு மிஷின் என்று சொல்லி மூடிவிட்டார். ஏட்டு போகிற வழியில் யாரிடம் சொன்னாரோ, மறுநாள் காலையில் ஏழெட்டுப் பெண்கள் டின்னில் பச்சரிசியோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். பாய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மச்சான் அனுப்பிய ஆட்கள் என்று தீர்மானமாகச் சொன்னார்.

மச்சான் என்றால் பாயம்மாவின் அண்ணன். காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் பிடித்துச் சிதம்பரத்தில் மண்டி வைத்திருந்தவர். தங்கமான மனுஷன். அதனாலேயே பாய்க்கு அவர் மேல் சந்தேகம் அதிகம். தங்கையைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசில்லை, வண்டி ஓடாமல் இருக்க அவர்தான் பின்னாலிருந்து வேலை செய்கிறார் என்பது பாயின் முடிவு.

இரண்டாவது வருஷக் கடைசியில் அந்த மச்சானே நேரில் வந்தார். என் அறையில்தான் உட்கார்ந்தார், கொட்டகைக்குள் அவருக்கு அனுமதி இல்லை. "மச்சான், நோன்புப் பிறை பாக்கறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி ஜமாத்துல வச்சி ஒரு முடிவு பண்ணிக்கலாம். எங்க வூட்டுப் பொண்ணு எத்தினி நாளைக்கு இப்பிடி குந்திக்கினு இருக்கும்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறைக்குப் பதினைந்து நாள் இருந்தது. பஸ்ஸில் போய்க் கூப்பிட்டால் என்ன, பாயம்மா வராமலா போய்விடுவார்கள் என்று கேட்டேன். வண்டியில் வருவதாகத்தானே சொன்னாள், பஸ்ஸில் போய் நின்றால் தோற்றுப்போனேன் என்று ஆகாதா என்றார். அன்றைக்கு முழுதும் அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. ஒரு மனுஷன் பெண்டாட்டியை இழக்கப்போகிறார், அதுவும் ஒரு காருக்காக.

ஆனால் மறுநாள் ஆரம்பித்தார் பாருங்கள். பதிமூன்று நாளில் எஞ்சின் உயிர் பெற்றது. லேத்தும் வேண்டாம், எவனும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் அரம் வைத்து ராவியே சரி செய்தார். முதல் தடவை அது உறுமியபோது பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. ஒற்றன் ஒழிந்தான் என்று பாய் சந்தோஷப்பட்டார்.

மிச்சமிருந்த ஒருநாளில் எடையைக் குறைத்தார். எடை குறைந்தால் வேகம் கூடும். மளிகைக் கடையிலிருந்து தராசு வாங்கிவந்து, கழற்றியதையெல்லாம் நிறுத்துப் பார்த்தார். பம்பர் போயிற்று. கதவுக் கண்ணாடி போயிற்று. ஸ்பீடு காட்டும் மீட்டரே போயிற்று. அப்புறம் எவ்வளவு வேகம் என்று எப்படித் தெரியும் என்றேன். தெரிந்தால் நீ வெளியே சொல்லுவாய் என்றார்.

கிளம்புகிற அன்று காலையில் என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார். என்மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். மிச்ச சாமானெல்லாம் கொட்டகையில் கிடக்க, என்னை மட்டும் வீட்டில் விட்டுப் போக அவருக்குத் துணிச்சல் இல்லை. பெட்ரோல் டின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் தரையில் குந்தினேன். ஹாரனையும் கழற்றிவிட்டதால் அந்த உத்தியோகமும் என்னுடையது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை "ஓரம், ஓரம்" என்று கத்தினேன். அதற்கப்புறம் தொண்டை போய்விட்டது. தொண்டை இருந்தும் பிரயோஜனமில்லை, நான் கத்துவது ஜனங்கள் காதில் விழுவதற்குள் வண்டி அவர்களைத் தாண்டிவிட்டது. புதுச்சத்திரத்தில் ஒரு பஸ்ஸை முந்தினோம். அதன் டிரைவர் திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, அவன் மச்சான் ஆளாக இருக்கும் என்றார் பாய். புவனகிரிப் பாலத்தில் நான் கண்ணை மூடியவன், சிதம்பரத்தில் தெரு திரும்பும்போதுதான் திறந்தேன்.

வண்டி சத்தத்துக்குத் தெருவே வெளியில் வந்திருந்தது. மச்சான் வாசலில் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவருக்குப் பின்னால் பாயம்மா, தலையில் முக்காடு, கையில் அதே டிரங்குப் பெட்டி. தெருக்கோடியில் சத்தம் கேட்டதுமே பெட்டியைத் தூக்கிவிட்டார் போலிருக்கிறது. நேராக வண்டியிடம் வந்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். நான் தரையில் பெட்ரோல் டின்னோடு குந்தியிருந்தேன். டிரைவர் சீட் ஒன்றைத் தவிர வண்டிக்குள் வேறு சீட்டே இல்லை.

"நான் எங்க குந்தறது?" என்றார் பாயம்மா.

பாய் என்னைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். கூடி நின்ற ஜனங்களைப் பார்த்தார். யார் மேலாவது பழியைப் போட முடியுமா என்று தேடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. சீட்டுகளை அவரேதான் கழற்றித் தராசில் வைத்து நிறுத்தார். நானும்தான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேருக்கும் அது தோன்றவேயில்லை.

"ரெண்டு வருஷம். எனக்காகக் கட்டுன வண்டி. இதுல நான் ஒருத்தி குந்தணும்னு ஒரு நாளாச்சும் உங்களுக்குத் தோணலியா?"

பாய் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வண்டி ஓடும்னு நம்புனேன். நீ வருவேன்னு நம்பல."

பாயம்மா பெட்டியைக் கீழே வைத்தார். முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜமாத்துதான் முடிவு என்று நான் பயந்துபோனேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பி, கடலூர் பாசஞ்சர் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

ஸ்டேஷனுக்குப் போக மச்சானே குதிரைவண்டி பிடித்துவந்தார். பாய் இறங்கினார். பெட்டியைத் தூக்கிக் குதிரைவண்டியில் வைத்தார். அப்புறம் திரும்பி என்னிடம் வந்து, கார் சாவியை என் கையில் வைத்து மூடினார். இரண்டடி போனவர் திரும்பி, "சாயங்காலம் வந்துர்றேன். மச்சானைக் கிட்ட வுடாத" என்றார்.

பாயும் பாயம்மாவும் ஸ்டேஷனுக்குப் போன பிறகு அந்த ஒற்றை சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பையன்கள் வந்தார்கள், மெக்கானிக் ஒருவன் வந்து பானட்டைத் திறக்கச் சொன்னான், எல்லாரையும் விரட்டினேன். மச்சான் டீ கொண்டுவந்து, சும்மா உள்ளே எட்டிப் பார்க்கலாமா என்றார். டீயை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஆபீசுக்கு லீவு சொல்லவில்லை, சோறு தின்ன இறங்கவில்லை. அந்த ஆள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.